மேடம் தட்டினால்தான் திறக்கும்

எங்கள் சங்கத்துக்குப் புது மென்பொருளும் அதற்கென ஒரு புதுக் கம்ப்யூட்டரும் வந்த அன்று கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார்கள். திரையில் நெற்றி எது என்று சிறிது நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் மேல் விளிம்பின் நடுவில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார்கள். அந்த இடத்தில்தான் கேமராவின் கண் இருந்தது. அதற்குப் பிறகு வீடியோ அழைப்பில் எங்கள் முகம் ஒரு மாதம் மஞ்சளாகவே தெரிந்தது.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றால் நானும் ஒரு மின்விசிறியும். புடவையின் கரையும் முந்தியும் எப்படி வர வேண்டுமோ அதைத் திரையில் கட்டம் கட்டமாக வரைவது என் வேலை. வரைந்ததை மென்பொருள் ஒரு கோப்பாக மாற்றித் தரும். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு இயந்திரம் அந்தக் கோப்பைப் படித்து, எந்த இழை எப்போது மேலே போக வேண்டும் என்று முடிவு செய்யும். கோப்பு இல்லாவிட்டால் தறி நிற்கும்.

பழைய மென்பொருள் பதினைந்து வருடம் உழைத்தது. மெதுவாகத் திறக்கும், ஆனால் திறக்கும். புதியதை நிறுவுவதற்கு சென்னையிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை. இரண்டு நாள் எங்கள் அறையில் உட்கார்ந்து கறுப்புத் திரை ஒன்றில் ஏதேதோ தட்டினார். இரண்டாம் நாள் மாலை மென்பொருளைத் திறந்து காட்டினார். பெரிய மயில் ஒன்று தோகை விரித்து நின்றது, அது மறைந்ததும் வரைவதற்கான கட்டங்கள் வந்தன. எல்லோரும் பார்த்தோம். அரை நாள் பயிற்சி என்று பன்னிரண்டு பேருக்குச் சான்றிதழ் கொடுத்தார். அதில் ஒன்பது பேர் மௌஸைத் தொட்டதில்லை, ஒருவர் எங்கள் வாட்ச்மேன்.

அன்று சாயங்காலமே பழைய கம்ப்யூட்டரை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார் எங்கள் செயலாளர். அவருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். எந்தப் பொருளையும் சிஸ்டம் என்றுதான் சொல்வார். தண்ணீர் வராவிட்டாலும் சிஸ்டம் சரியில்லை என்பார்.

"ஒரு வாரம் பழசும் இருக்கட்டும் சார்" என்றேன்.

"வேணாம் மேடம். ரெண்டு இருந்தா மனசு பழசுலயே நிக்கும். புதுசுக்கு நாம ஒத்துழைக்கணும்."

மறுநாள் காலை ஒத்துழைக்கப் போனேன். திரையின் ஓரத்தில் இருந்த சின்ன மயில் படத்தை மௌஸால் இரண்டு முறை தட்டினேன். மயில் வந்தது. தோகை விரித்தது. இரண்டு நொடி நின்றது. பிறகு மயிலும் இல்லை, கட்டங்களும் இல்லை, மன்னிக்கவும் என்று ஒரு வார்த்தையும் இல்லை. முதல் நாள் இருந்த அதே வெறும் நீலத் திரை.

மறுபடி தட்டினேன். மறுபடி மயில், மறுபடி நீலம்.

செயலாளர் வந்து பார்த்தார். "மெதுவா தட்டுறீங்க" என்று சொல்லி அவரே அழுத்தித் தட்டினார். போய்விட்டது. "வேகமா தட்டிட்டேன்" என்று சொல்லி இடைவெளி விட்டுத் தட்டினார். அதுவும் போனது. கணக்குப் பிரிவிலிருந்து இருவர் வந்து ஆளுக்கொரு முறை தட்டினார்கள். ஒருவர் இடது கையால்கூட முயன்றார். மதியத்துக்குள் அந்த மயில் நாற்பது முறையாவது தோகை விரித்திருக்கும்.

இன்ஜினியரைத் தொலைபேசியில் பிடித்தோம். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்றார். செய்தோம். "நெட் இருக்குதா பாருங்க" என்றார். இருந்தது. "எங்க சிஸ்டத்துல ஓடுதே" என்றார்.

"உங்க சிஸ்டத்துல ஓடறது எங்களுக்கு எப்படிங்க உதவும்?"

"இல்ல மேடம், அதாவது, சாஃப்ட்வேர்ல பிரச்சன இல்லன்னு சொல்றேன். உங்க கம்ப்ளைன்ட்டுக்கு ஒரு நம்பர் வரும். பத்திரமா வெச்சுக்குங்க."

நம்பர் வந்தது. பதினோரு இலக்கம். செயலாளர் அதை ஒரு தாளில் எழுதி, கம்ப்யூட்டருக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினார்.

மூன்றாம் நாள் சங்கத் தலைவர் வந்தார். அவருக்கு மாகறல் பக்கம். நெல்லும் கரும்பும் போடும் குடும்பம், கூடவே கொஞ்சம் அரசியல். தேர்தலில் நின்று தலைவரானவர் என்பதால் எதற்கும் ஒரு தீர்வோடுதான் வருவார். அன்று ஓர் எலுமிச்சம் பழமும் ஊர்க் கோயில் விபூதியும் கொண்டுவந்திருந்தார்.

"நீங்க ராகு காலத்துல தொறந்தீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ஒன்பதரைக்கு ஆபீஸ் வரேன் தலைவரே. அப்பதான் தொறக்க முடியும்."

"எந்தக் கிழமை?"

"எல்லாக் கிழமையும்."

அவர் யோசித்துப் பழத்தைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு வாரத்தில் அது காய்ந்து உருண்டு மௌஸின் வழியில் வந்து நின்றது. எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. மௌஸைத்தான் நகர்த்தி வைத்தோம்.

இதெல்லாம் நான் சிரித்துக்கொண்டு பார்த்திருக்கக்கூடிய விஷயம்தான். சிரிக்க முடியாமல் செய்தவள் ஒரு நெசவாளி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். அவளும் கணவனும் சேர்ந்து ஒரே தறியில் நெய்பவர்கள். பாவு நூலைத் தறியில் ஏற்றிவிட்டு, புதுக் கரைக்கான கோப்புக்காகக் காத்திருந்தார்கள். இரண்டாம் வாரம் அவள் நேரே என் அறைக்கு வந்துவிட்டாள்.

"யக்கா, கரை எப்ப வரும்?"

"மிஷின் திறக்க மாட்டேங்குதும்மா. கம்பெனிக்குச் சொல்லியிருக்குது."

"பன்னெண்டு நாளா இதையேதான் சொல்றாங்க. பாவு ஏத்தி வெச்சுக்கினு எதிர்ல குந்தினு இருக்கோம். அவரு டீக்கடையிலயே இருக்காரு. வூட்ல இருந்தா தறியப் பாக்கணுமே, அதனால." அவள் கோபப்படவில்லை. திரையைப் பார்த்தாள். "எங்க, ஒருவாட்டி தட்டிக் காட்டு."

தட்டிக் காட்டினேன். மயில் வந்து போனது.

"அவ்ளோதானா?" என்றாள். போய்விட்டாள்.

அந்த 'அவ்ளோதானா' என்னை உறுத்தியது. ஏனாத்தூர்ப் பக்கம் நான் கம்ப்யூட்டர் படித்தவள். இருபது வருடத்துக்கு முந்தைய படிப்பு. அதில் ஓர் அரையாண்டு முழுக்கக் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே எல்லாம் செய்தோம். அப்போது பிடிக்கவில்லை. மௌஸ் இருக்கும்போது எதற்கு இந்தத் தண்டனை என்று நினைத்தேன். ஆனால் ஒன்று நினைவிருந்தது. படத்தைத் தட்டித் திறக்கும்போது ஒரு மென்பொருள் செத்தால் மௌனமாகச் சாகும். கறுப்புத் திரையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், சாவதற்கு முன் ஏதாவது சொல்லிவிட்டுச் சாகும்.

என்ன சொல்லிச் சாகிறது என்று கேட்கலாம் என்று கறுப்புத் திரையைத் திறந்தேன். மென்பொருளின் பெயரைத் தட்டச்சு செய்து என்டர் அடித்தேன்.

மயில் வந்தது. தோகை விரித்தது. மறைந்தது. கட்டங்கள் வந்தன.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூடினேன். படத்தைத் தட்டினேன்: மயில், நீலம். கறுப்புத் திரையில் பெயரைத் தட்டினேன்: மயில், கட்டங்கள். ஐந்து முறை மாற்றி மாற்றிச் செய்தேன். ஐந்து முறையும் அப்படியே. சாவதற்கு முன் என்ன சொல்கிறது என்று கேட்கப் போன இடத்தில் அது சாகவே இல்லை.

நான் விடாமல் தட்டிய சத்தம் கேட்டுச் செயலாளர் வந்தார். கட்டங்களைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். திரையையா என்னையா என்று தெரியவில்லை.

"எப்படி மேடம்?"

"தெரியல சார். படத்தத் தட்டினா வரல. பேரைத் தட்டினா வருது."

"யார் தட்டினா?"

"நான்தான் தட்டினேன்."

"அதான்" என்றார் அவர். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் அலுவலகம் முழுக்க விளங்கிவிட்டது: மேடம் தட்டினால்தான் திறக்கும்.

அன்றே அந்த நெசவாளியின் கரையை வரைய ஆரம்பித்தேன். நான்கு நாள் வேலை. அதற்குள் என் கைராசி ஒரு நிர்வாக ஏற்பாடாக மாறிவிட்டது. திறப்புப் பதிவேடு என்று ஒரு நோட்டு வந்தது. தினமும் காலை ஒன்பது நாற்பதுக்கு நான் திறக்க வேண்டும், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திறந்ததை வேறு யாரும் மூடக் கூடாது. மூடக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்கள், புகார் எண்ணுக்குப் பக்கத்தில். நான் விடுப்பு கேட்டால் செயலாளர் முகம், தறியையே தூக்கிக்கொண்டு போகிறேன் என்று கேட்டது போல ஆகும்.

ஆனால் ஒரு விடுப்பு தவிர்க்க முடியாதது. மாகறலில் என் சித்தப்பா மகள் கல்யாணம். முந்தின நாள் மாலை மென்பொருளைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். இரவு மின்சாரம் போனது.

மறுநாள் காலை மண்டபத்தில் மணமேடைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். செயலாளர் கூப்பிட்டார்.

"மேடம், மூடிக்கிச்சு."

"நீங்களே திறக்கலாம் சார். கீழ கறுப்பா ஒரு பெட்டி படம் இருக்குது பாருங்க. அதைத் தட்டுங்க."

"தட்டிட்டேன். கறுப்பா வந்திருக்குது. உள்ள ஒண்ணுமே இல்லியே."

"ஒண்ணும் இருக்காது சார். அதுல சாஃப்ட்வேர் பேர அடிங்க. எல்லாம் சின்ன எழுத்து."

"சின்னதுன்னா? சைஸ எங்க குறைக்கிறது?"

"சைஸ் இல்ல சார். கேப்பிட்டல் வேணாம்னு சொன்னேன்."

அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். ஒரு விரல்தான். இரண்டு எழுத்துக்கு நடுவில் ஒரு தவில் தனி ஆவர்த்தனம் முடிந்துவிடும்.

"இப்ப நடுவுல ஒரு கோடு சார்."

"நின்ன கோடா, படுத்த கோடா?"

"படுத்த கோடு."

"தரையில படுத்ததா, நடுவுல படுத்ததா? ரெண்டு இருக்குது."

"நடுவுல. மைனஸ்."

"மைனஸ்ஸுன்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே மேடம்." சிறிது நேரம் தட்டும் சத்தம். "அடிச்சிட்டேன். எம், ஐ, என், யூ, எஸ்."

அதை அழிக்கச் சொன்னேன். முழுவதையும் அழித்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து. அதற்குள் என் பக்கத்தில் நின்ற அத்தை கையில் அட்சதையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கையில் போன், ஒரு கையில் அரிசி. கடைசி எழுத்தைச் செயலாளர் அடிக்கவும் இங்கே ஐயர் கை காட்டவும் சரியாக இருந்தது. கெட்டிமேளம் கிளம்பியது. காது கேட்கவில்லை.

"என்டர் அடிங்க சார்" என்று முழுத் தொண்டையில் கத்தினேன்.

முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை ஒரு நொடி தயங்கிவிட்டுத் தாலி கட்டினார். போனில் செயலாளரின் குரல் தழுதழுத்தது. "வந்துடுச்சு மேடம். மேளச் சத்தத்தோட வந்துச்சு."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தட்டியது அவர் விரல். திறந்துவிட்டது. அப்படியானால் கைராசி என்பது பொய். ஆள் முக்கியமில்லை, வாசல்தான் முக்கியம். படத்தின் வழியாக உள்ளே போனால் சாகிறது, கறுப்புத் திரை வழியாகப் போனால் பிழைக்கிறது. செயலாளர் இதே நிகழ்ச்சியிலிருந்து வேறு முடிவுக்கு வந்திருந்தார். மேடத்தின் ராசி போன் வழியாகவும் போகிறது என்று தலைவரிடம் சொல்லியிருக்கிறார்.

பந்தியில் உட்கார்ந்து இதையேதான் யோசித்தேன். இரண்டு வாசலுக்கும் என்ன வித்தியாசம்?

மறுநாள் காலை பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன். முதலில் மென்பொருளின் பெயரோடு --help என்று சேர்த்துத் தட்டினேன். அப்படிக் கேட்டால் எந்த மென்பொருளும் தனக்கு என்னென்ன கட்டளை புரியும் என்று ஒரு பட்டியல் கொடுக்கும். கொடுத்தது. மயில் இல்லாமல் திறக்க ஒரு கட்டளை இருந்தது. அமைப்புகளை எல்லாம் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோக ஒன்று இருந்தது. செய்வதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போக ஒன்று இருந்தது. பயிற்சியில் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை. பயிற்சியில் சொன்னது, திரையை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது என்பது.

அந்த மயில் படம் என்பதும் உள்ளே ஒரு சின்ன எழுத்துக் கோப்புதான். தட்டினால் எந்த மென்பொருளை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியின் கடைசியில், எழுதிக்கொண்டே போ என்ற கட்டளையைச் சேர்த்தேன். பிறகு படத்தைத் தட்டினேன். மயில், நீலம். ஆனால் இந்த முறை ஒரு கோப்பு மிஞ்சியது.

முப்பது வரி. மொழி படித்தாயிற்று, எழுத்துரு கிடைத்தது, மயில் காட்டியாயிற்று. வரையும் பலகையைத் திறக்க திரைப் படங்களை வரையும் சில்லான கிராஃபிக்ஸ் கார்டைக் கூப்பிடுகிறேன் என்று ஒரு வரி. அதற்குக் கீழே கடைசி வரி, ஆங்கிலத்தில். அதை எழுதிய யாரோ ஒருவர் நம்பிக்கையோடு எழுதியிருந்தார்: இந்த இடத்துக்கு யாரும் வர வாய்ப்பே இல்லை. நாங்கள் மூன்று வாரமாகத் தினமும் அங்கேதான் வந்து நின்றுகொண்டிருந்தோம்.

அதே கட்டளையோடு கறுப்புத் திரையிலிருந்து திறந்தேன். அங்கே அந்த வரி வேறு மாதிரி இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், நானே வரைந்துகொள்கிறேன் என்று இருந்தது. யார் வேண்டாம் என்று சொன்னது? நான் சொல்லவில்லை.

அப்போதுதான் சூழல் மாறிகள் நினைவுக்கு வந்தன. கல்லூரியில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிய விஷயம். ஒரு மென்பொருள் பிறக்கும்போதே அதன் காதில் சில செய்திகள் சொல்லப்படும். உன் மொழி இது, உன் வீடு இந்தக் கோப்புறை, உன் திரை இது என்று. பெயரும் மதிப்புமாக வரி வரியாக இருக்கும். கறுப்புத் திரையில் பிறந்ததன் காதில் சொன்னதும், படத்தைத் தட்டிப் பிறந்ததன் காதில் சொன்னதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

இரண்டையும் எடுத்தேன். கறுப்புத் திரையில் env என்று தட்டினால் அந்தப் பட்டியல் முழுவதும் வரும். அதை ஒரு கோப்பில் போட்டேன். படத்தின் கோப்பில் மென்பொருளின் பெயரை எடுத்துவிட்டு, இதே பட்டியலை எழுதி வை என்று மாற்றித் தட்டினேன். இரண்டாவது கோப்பு வந்தது. இரண்டையும் அகர வரிசைப்படுத்தி அச்சடித்து, மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு வரி வரியாக இறங்கினேன். இப்படி ஒப்பிட மென்பொருளே இருக்கிறது. ஆனால் கட்டம் கட்டமாகப் பார்த்தே பழகிய கண்ணுக்குத் தாளில்தான் நம்பிக்கை வருகிறது.

ஐந்தாறு இடத்தில் வித்தியாசம். பெரும்பாலும் அந்தக் கறுப்புத் திரையின் சொந்த விஷயங்கள். ஒன்று மட்டும் அப்படி இல்லை. கறுப்புத் திரையின் தாளில் இருந்தது, படத்தின் தாளில் இல்லை:

LIBGL_ALWAYS_SOFTWARE=1

கிராஃபிக்ஸ் கார்டை விட்டுவிடு, எப்போதும் நீயே வரை என்று பொருள்.

உறுதி செய்துகொள்ள, அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டுக் கறுப்புத் திரையிலிருந்தே மென்பொருளைக் கூப்பிட்டேன். மயில் வந்தது, தோகை விரித்தது, போய்விட்டது. மூன்று வாரத்தில் முதல் முறையாக அது போனதில் எனக்குச் சந்தோஷம். வேண்டுமென்றே கெடுக்க முடிகிறது என்றால் வேண்டுமென்றே சரி செய்யவும் முடியும்.

யார் அந்த வரியைப் போட்டார்கள் என்று தேடினேன். கறுப்புத் திரை திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் ஒரு கோப்பின் அடியில் இருந்தது. போட்ட தேதி, இன்ஜினியர் எங்கள் அறையில் உட்கார்ந்திருந்த இரண்டாம் நாள். அவருக்கும் மயில் செத்திருக்கிறது. அவர் இந்த வரியைப் போட்டு உயிர் கொடுத்து, கறுப்புத் திரையிலிருந்தே திறந்து காட்டி, சான்றிதழ் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார். படத்தை அவர் ஒரு முறைகூடத் தட்டிப் பார்க்கவில்லை. படத்தின் காதில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

படத்தின் கோப்பில், மென்பொருள் பெயருக்கு முன்னால் env என்றும் அந்த வரியையும் சேர்த்தேன். தட்டினேன். கட்டங்கள் வந்தன. செவ்வாய்க்கிழமை பதினொன்றே கால் மணி. எழுந்து நின்று தண்ணீர் குடித்தேன். சொல்ல ஆள் இல்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேன்.

செயலாளரைக் கூப்பிட்டு, "இனிமே யார் தட்டினாலும் திறக்கும் சார்" என்றேன்.

அவர் தட்டினார். திறந்தது. அவர் முகத்தில் சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் தெரிந்தது. "அப்போ பதிவேடு?" என்றார்.

"தேவையில்ல சார்."

"ஆடிட்டுக்குக் காட்டணுமே. ஆரம்பிச்சத நிறுத்தினா ஏன் நிறுத்தினீங்கன்னு கேப்பாங்க. நீங்க கையெழுத்து மட்டும் போட்டுக்கினு இருங்க."

எதனால் சரியானது என்று விளக்கப் பார்த்தேன். ஒரே ஒரு வரிதான் குறை என்றேன். "ஒரு வரிக்கா இவ்ளோ அலைஞ்சோம்?" என்று கேட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் மரியாதை குறைந்தது போலத் தோன்றியது. கைராசியாக இருந்தவரை இருந்த கும்பிடு இப்போது இல்லை.

கரைக் கோப்பு அதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் ஜக்கார்டுக்கு மாற்றி அனுப்புவதற்கு முன் ஒரு தடை. முறையான திறப்பு விழா அடுத்த வாரம், ஒரு பெரிய அதிகாரி வருகிறார், அதற்கு முன் புது மென்பொருளிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது என்றார் செயலாளர். தலைவரும் அதையே சொன்னார். திறக்காத பொருளை எப்படி உபயோகிப்பது என்று கேட்டார். அந்த நெசவாளியிடம் இன்னும் ஒரு வாரம் என்று சொல்ல வேண்டியவள் நான்தான். போனில் சொன்னேன்.

"அதிகாரி வந்து நெய்வாராக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

விழா நாள். வாசலில் வாழை மரம், நாற்காலி, மைக். இன்ஜினியர் காலை எட்டரைக்கே வந்துவிட்டார், ஒரு பென் டிரைவோடு. அதில் புதிய பதிப்பு. விழாவில் பழைய பதிப்பைக் காட்டுவது கம்பெனிக்குக் கௌரவம் இல்லையாம்.

"வேணாங்க. இப்ப நல்லா ஓடுது. நான் ஒண்ணு மாத்தியிருக்கேன், உங்க பதிப்பு அதை..." என்று ஆரம்பித்தேன்.

"நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்றார்.

செயலாளரும் கையோடு என்னை வெளியே கூப்பிட்டார். "மேடம், நீங்க வாசல்ல நில்லுங்க. பன்னீர் தெளிக்க லேடீஸ் யாரும் இல்ல." மென்பொருளைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆளைப் பன்னீர்ச் செம்போடு வாசலில் நிறுத்திவிட்டு விழா ஆரம்பமானது.

அதிகாரி நல்ல மனிதர். வியர்த்திருந்தார். என் பன்னீர் அவருக்கு உண்மையாகவே உதவியது. மூன்று பேர் பேசினார்கள். நான்காவதாக இன்ஜினியர் பேசினார். பிறகு எல்லோரும் என் சின்ன அறைக்குள் நெருக்கியடித்து நின்றோம். தலைவர் மௌஸை எடுத்து அதிகாரியின் கையில் கொடுத்தார். போட்டோகிராபர் ஸ்டூல் மேல் ஏறினார்.

அதிகாரி மயிலை இரண்டு முறை தட்டினார்.

புதிய பதிப்பு படத்தின் கோப்பையும் புதிதாக எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சேர்த்த வரி அதில் இருக்காது என்றும் தெரியும். செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மயில் வந்தது. தோகை விரித்தது. போட்டோ மின்னியது. மயில் போனது. நீலம்.

பிறகு தலைவர் கை தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அறை அதிர்ந்தது. அதிகாரி, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். "கலர் ரொம்ப நேச்சுரலா வந்திருக்கு. நெசவாளர்களுக்கு இது பெரிய உதவியா இருக்கும்."

"எல்லாம் உங்க ஆதரவு சார்" என்றார் செயலாளர்.

மயில்தான் மென்பொருள் என்று அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். இன்ஜினியர் மட்டும் கை தட்டவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் மீது கொஞ்சம் பன்னீர் தெளித்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அவரே தேடி வந்தார். "மேடம், நல்லா ஓடுதுன்னு காலையில சொன்னீங்களே."

"ஓடுச்சு. அந்த ஒரு வரிய எதுக்குக் கறுப்புத் திரையில மட்டும் போட்டுட்டுப் போனீங்க?"

"எந்த வரி?"

சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் தெளிந்தது. "ஓ, அதுவா. அது டெம்பரரி மேடம்."

"டெம்பரரின்னா?"

"பர்மனென்ட்டா சரி பண்ற வரைக்கும்."

"எப்ப சரி பண்ணுவீங்க?"

"அது வேற டீம்."

அவரை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். படத்தின் கோப்பைத் திறந்து கொடுத்து, அந்த வரியை அவர் விரலாலேயே அடிக்கச் சொன்னேன். அடித்தார். தட்டினார். கட்டங்கள் வந்தன. அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன், காது சிவந்திருந்தது. அந்த வேற டீமிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றார். தன் சொந்த எண்ணை எழுதிக் கொடுத்தார். நல்ல பையன்தான். அவருக்கு மேலே யாரோ ஒருவர் இரண்டே நாளில் முடி என்று சொல்லியிருப்பார்.

மூன்று மணிக்குக் கோப்பை மாற்றி, அந்த நெசவாளியைக் கூப்பிட்டேன். இருபது நிமிடத்தில் கணவனோடு வண்டியில் வந்து வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் சாயங்காலம் கையகலத் துணியை மொபைலில் படம் எடுத்து அனுப்பினாள். கூடவே ஒரு குரல் பதிவு: "யக்கா, நல்லா வந்துக்கினு இருக்குது. ஆனா மூணாவது பூவுல ஒரு கட்டம் தப்பு. எதழ் ஒடஞ்சாப்ல தெரியுது பாரு."

பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அந்தத் தப்பு மென்பொருளுடையது அல்ல, இன்ஜினியருடையதும் அல்ல, என்னுடையது. உடனே திருத்தி அனுப்பினேன்.

விழாவின் போட்டோவைச் செயலாளர் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். என் பதவிக்கு முன்னால் 'சிஸ்டம்' என்ற சொல்லைச் சேர்த்து ஓர் உத்தரவும் கொடுத்தார். வேலை அதேதான்.

போன மாதம் இன்னொரு சங்கத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். அவர்களுக்கும் அதே கம்பெனி, வேறு மென்பொருள். திறக்கிறது, ஆனால் எழுத்தெல்லாம் எறும்பு அளவு தெரிகிறதாம். எழுத்தைப் பெரிதாக்க ஒரு சூழல் மாறி உண்டு, போனிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"சரிம்மா. மொதல்ல கறுப்பு விண்டோவைத் திறங்க."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"எங்க ரூம்ல விண்டோவே இல்லியேம்மா" என்றார். "ஏசி போட்டப்ப அடச்சிட்டாங்க."

நான் குடியிருக்கும் செவிலிமேட்டிலிருந்து அந்தச் சங்கத்துக்கு நேர் பஸ் இருக்கிறது. வியாழக்கிழமை நேரிலேயே வருகிறேன் என்று சொன்னேன்.